இறுக்கிக் கட்டச் சொன்னவள்

பாம்பு கடித்தால் கட்டுப் போடக் கூடாது என்று நான் சொன்னதும் கூட்டம் சிரித்தது. ஏளனச் சிரிப்புகூட இல்லை. தெரியாமல் உளறிவிட்ட பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய ஒரு சிற்றூரின் ஏரிக்கரையில், புங்க மரத்து நிழலில், நாற்பது பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கித்தான் சொன்னேன்.

1991. எனக்கு இருபத்தெட்டு வயது. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மறைமலை நகரில், நர்ஸாக இருந்தேன். முதலுதவி அறை என்று பலகை மாட்டிய பத்துக்குப் பத்து அறை. பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த இரும்புத் தூள், தொடர்ந்து ஓ.டி. பார்த்துவிட்டுத் தலை சுற்றி விழுகிறவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருவார்கள். வீடு படப்பையில். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரின் பெயரை நாடே துக்கத்தோடு தெரிந்துகொண்டிருந்தது. நான் சொல்வது அதற்குச் சில மாதம் கழித்து நடந்தது. எந்தப் பத்திரிகையிலும் வராதது.

எங்கள் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், மெட்ராஸில் ஒரு மலையேறும் கிளப்பின் செயலாளராக இருந்தார். மாதம் ஒரு முறை இருபது முப்பது பேராகக் கிளம்பிக் காடு, மலை என்று சுற்றுவார்கள். ஒரு முறை மலையில் ஒருவருக்குக் கால் முறிந்து, அவரைக் கீழே கொண்டுவர ஒரு பகல் முழுக்க ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இன்ஜினியருக்கு அந்த யோசனை வந்தது. ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கிளப்பே முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயிற்சி கொடுக்க ஆள் தேடியவர் என் அறைக்கு வந்து நின்றார்.

"சிஸ்டர், ஃபேக்டரியில ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்துல வந்துடும். அது வராத இடத்துல என்ன பண்றதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணப் பேச்சைத் தவிர வேறு எதற்கும் யாரும் என்னைத் தேடி வராத காலம்.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்று கிளப் ஒரு டாக்டரை அழைத்து நான்கு வகுப்பு நடத்தியது. பாம்புக்கடி பற்றி அவர் சொன்னதை என் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். கட்டாதே. கீறாதே. உறிஞ்சாதே. நடக்க விடாதே. கையோ காலோ ஆடாமல் ஸ்ப்ளிண்ட் என்கிற மட்டை வைத்துத் தூக்கிக்கொண்டு போ. நர்ஸிங் பள்ளியில் நான் படித்தது இதற்கு நேர் எதிர். எழுந்து கேட்டேன். டாக்டர் சங்கடப்படாமல், "நானும் அப்படித்தாம்மா படிச்சேன். தப்பாப் படிச்சோம்" என்றார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியும்.

பட்டணத்துக்குப் பக்கம், செலவில்லாமல் போய்வரலாம் என்பதால் பயிற்சிக்கு அந்த ஏரியையும் அதை ஒட்டிய முட்காட்டையும் தேர்ந்தெடுத்தார்கள். கிளப் ஆட்கள் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் மட்டை கட்டிப் பழகுவதை ஊர்க்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்குச் சமைத்துப் போட வந்த பெண் ஒருத்தி, சோற்றை வடித்துக்கொண்டே இன்ஜினியரிடம் கேட்டாள்: "இத்தெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தர மாட்டீங்களா சார்? நாங்க தெனம் இந்தக் காட்டுலதான கீறோம்?"

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, உயரமான பெண். கணவன் மனைவி இருவருமாக ஒன்றரை ஏக்கரில் பயிர் வைத்திருந்தார்கள். அவள் கேட்டது நியாயம் என்று எல்லோருக்கும் உறைத்தது. எங்களுக்கு அது வருஷத்தில் நான்கு நாள் காடு. அவர்களுக்கு விறகும் ஆட்டுத் தீவனமும் வரும் இடம். அடுத்த மாதமே ஊராருக்கென்று தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார் இன்ஜினியர்.

அன்று காலை நன்றாகத்தான் போனது. ரத்தத்தை நிறுத்துவது, முறிந்த எலும்பை ஆடாமல் வைப்பது, வெயிலில் மயங்கியவரைத் தேற்றுவது. மதியம் பாம்புக்கு வந்தேன். கட்டக் கூடாது என்றேன். சிரித்தார்கள்.

பெரிய மீசை வைத்த ஒருவர், "இன்னாம்மா, கட்டலன்னா விஷம் தலைக்கு ஏறிடாது? எங்க பாட்டன் காலத்துலேந்து கட்டிகினு வர்றோம்" என்றார்.

"ஆஸ்பத்திரி இங்கயா கீது? போய்ச் சேர்றதுக்குள்ள ஆளு பூட்டான்னா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"பட்டணத்துப் பாம்பு போல. கட்டாம வுட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்றார் மீசைக்காரர். மறுபடியும் சிரிப்பு. இரண்டு பேர் எழுந்து புடவை மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். காலையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் என் கையை விட்டு நழுவுவது தெரிந்தது. முகம் சுட்டது. பின்வரிசையில் இன்ஜினியர், எதையாவது செய்து காட்டுங்கள் என்பதுபோலக் கையை முறுக்கிச் சைகை காட்டினார்.

"சரி, கட்டியே ஆகணும்னா எப்படிக் கட்டணும்னு காட்டறேன்" என்றேன்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சமைக்க வந்த அந்தப் பெண் முதல் வரிசையில் இருந்தாள். அவள் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே துணியைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். ரத்தம் பீறிட்டு வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யச் சொன்ன கட்டு அது. முறுக்க முறுக்கக் கூட்டம் முன்னால் நகர்ந்து வந்தது.

"ஐயோ, உசுரு போவுது நர்சம்மா!" என்று அவள் கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"வலிச்சாத்தான் அது கட்டு" என்றேன். இந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கைதட்டலில் எனக்கு அதுவாக வந்தது.

பிறகு அவளைச் செய்யச் சொன்னேன். இன்ஜினியரின் காலில் மூன்று முறை கட்டினாள். மூன்றாவது முறை அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "உங்க கை நல்ல கை அக்கா" என்று பாராட்டினேன். கட்டை எவ்வளவு நேரம் வைக்கலாம், எப்போது தளர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது உறுத்தியது. கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பது நல்லது என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் புது உற்பத்தி லைன் ஆரம்பித்த நேரம். வாரக்கடைசி வேலையும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை வரவில்லை.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு நாள் மதிய இடைவேளையில் வாட்ச்மேன் வந்து, யாரோ ஒரு அம்மா கேட்டில் நிற்பதாகச் சொன்னார். போனேன். அவள்தான். கையில் பை நிறையப் பச்சை வேர்க்கடலை, செடியிலிருந்து பறித்து மண்கூட உதறாதது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுக்காரர பாம்பு கட்ச்சிடுச்சு நர்சம்மா. நீ சொன்ன மாரியே கட்னேன். காலுதான் பூட்ச்சு. உசுரு கீது. உன்னாலதான் கீது."

கேட்டிலேயே நின்று மொத்தத்தையும் சொன்னாள். விடியற்காலையில் மடை திருப்பப் போனவருக்குக் கணுக்காலுக்கு மேலே கடி. இவள் ஓடிப்போய் முந்தானையைக் கிழித்து, வேலிக் குச்சியை ஒடித்துக் கட்டியிருக்கிறாள். மாட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து, பஸ் இல்லாமல் ஒரு செங்கல் லாரியில் ஏறி, முதலில் போன இடத்தில் பாம்புக்கடிக்கு மருந்தில்லை என்று சொல்ல, அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு. போய்ச் சேரும்போது உச்சி வெயில். வழியெல்லாம் அவர் கட்டை அவிழ்க்கச் சொல்லி அழுதிருக்கிறார். லாரி டிரைவர்கூடக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாராம்.

"நான் வுடலயே! வலிச்சாத்தான் கட்டுன்னு நர்சம்மா சொல்லிகீதுன்னுட்டேன்."

வேர்க்கடலையை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தாழ்ந்து போயிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து உட்கார முயன்றார். மெலிந்த, அமைதியான மனிதர். "வாங்கம்மா, வாங்க" என்று கும்பிட்டார்.

வார்டில் இருந்த இளம் டாக்டரிடம் நர்ஸ் என்று அறிமுகம் செய்துகொண்டு கேஸ் பற்றிக் கேட்டேன். அவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"விஷம் ஏறினதுக்கு ஒரு அடையாளமும் இல்ல சிஸ்டர். ரத்தம் சரியா உறையுது. கடிச்சது சாரையோ தண்ணிப் பாம்போ. இது பாம்பால போன கால் இல்ல, கட்டால போன கால். ஆறு மணி நேரம் ரத்த ஓட்டமே இல்ல. எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தானோ, குச்சி வச்சு முறுக்கியிருக்காங்க."

"ஆமா டாக்டர். கிராமத்துல இப்படித்தான்" என்றேன்.

நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது இது. அவர் தலையை ஆட்டினார். "அவங்ககிட்ட நான் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது?"

திரும்பி வார்டுக்குள் நுழைந்தபோது அவள் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகளை உட்காரவைத்து, கால் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாலைந்து பேர். "இப்டிச் சுத்திகினு, இங்க குச்சியச் சொருவு. இன்னும் முறுக்கு. பயப்படாத" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இவுங்கதான், இவுங்கதான் எனக்குக் காட்னாங்க" என்றாள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினேன்.

இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும்தானே சைகை காட்டினேன்" என்றார். பிறகு, "ஆனா சிஸ்டர், ஊர்ல எப்பவும் கட்டறவங்கதானே? நீங்க சொல்லலன்னாலும் கட்டியிருப்பாங்க" என்றார். அந்த வாதத்தை நானும் எனக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர்கள் கயிற்றால் கட்டியிருப்பார்கள். வலித்தால் அவிழ்த்திருப்பார்கள். வலி தாங்கக் கற்றுக்கொடுத்தது நான்.

அவள் கணவர் வீடு திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். அவள் கொல்லையில் துவரஞ்செடிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே தூங்குவதாகச் சொன்னாள். அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்றேன். தப்பு என்று தெரிந்தே சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. இரண்டு மூன்று செடி தள்ளிப் போன பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு மொதல்ல கட்டக் கூடாதுன்னுதான சொன்னே?"

"ஆமா அக்கா."

"அப்புறம் ஏன் மாத்திகினே?"

"எல்லாரும் சிரிச்சீங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நாலு பேரு சிரிச்சா மாத்திக்குவியா?"

அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான்தான் அவரு கால எடுத்துட்டேன்" என்றாள். இல்லை, நான் என்றேன். அவள் காதில் அது விழவில்லை. மெல்லிய குரலில், "அவருகிட்ட சொல்லாத நர்சம்மா. என் பொஞ்சாதிதான் காப்பாத்துனான்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகினு கீறாரு. அது இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஊரில் அவள் கட்டு இப்போது பேர் வாங்கியிருந்தது. அவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதே அதற்குச் சாட்சி. இன்னொரு கால் போவதற்குள் மாற்றிச் சொல்லியாக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இன்ஜினியரும் நானுமாக மறுபடி கூட்டம் கூட்டினோம். அவள் கணவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஊன்றுகட்டையை ஊன்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில்.

கட்டக் கூடாது என்று ஆரம்பித்தேன். இந்த முறை சிரிப்பில்லை, குழப்பம்தான். மீசைக்காரர் அவரைக் கையால் காட்டி, "இன்னாம்மா இது! கட்டிதான இவன் பொழச்சி கீறான்?" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லும் பார்வை. வேறு எப்படியாவது சமாளித்திருக்க முடியுமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். முடிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அத்தனை மாதம் நெஞ்சில் கிடந்தது, கேள்வி வந்ததும் புரண்டு வெளியே வந்துவிட்டது. கடித்த பாம்புக்கு விஷமில்லை என்றேன். கட்டியதால்தான் கால் போனது என்றேன். தப்பு முழுக்க என்னுடையது, அக்கா நான் சொன்னதை ஒரு பிசகில்லாமல் செய்தார், அவ்வளவுதான் என்றேன். அழுதேன். அழுததும் மனம் லேசானது. கூட்டத்தில் சில பெண்கள், பாவம், பெரிய மனசு என்று என்னைப் பற்றி முணுமுணுத்ததுகூடக் காதில் விழுந்தது.

அவள் எழுந்து கரையோடு நடந்து போய்விட்டாள். அவர் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போகப் பார்த்து, வேகம் போதாமல் பாதி வழியில் நின்றுவிட்டார்.

அன்று எல்லோரும் மட்டை வைத்துக் கட்டவும், கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கவும் பழகினார்கள். நன்றாகப் பழகினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் குச்சி வைத்து முறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கிளப்பும் பல ஊர்களில் இதைச் சொல்லிக் கொடுத்தது. நானும் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவள் கணவரைப் பார்த்தேன். பொய்க்கால் பொருத்தியிருந்தார். பக்கத்து நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த சமயம். தானும் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். உடம்பு எப்படியிருக்கிறது, அக்கா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே? அன்னிக்கு எல்லார் எதுர்லயும் சொல்லியிருக்கக் கூடாது நர்சம்மா. வூட்டாண்ட வந்து எங்கையில சொல்லியிருந்தா, நான் கேட்டுகினு சும்மா இருந்திருப்பேன். எனக்கு அவ மேல கோவமே இல்ல. ஆனா ஊருல எவளுக்காவது சண்டைன்னா, புருசன் கால வாங்கினவதானடின்னு அவளக் கேக்குறாங்க. உன்னை யாரும் கேக்கல. அவளத்தான் கேக்குறாங்க."

அந்த நொடிவரை, நான் செய்த ஒரே சரியான காரியம் அந்த ஒப்புதல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கைதட்டலுக்காக எந்தக் கூட்டத்தின் முன்னால் கட்டினேனோ, அதே கூட்டத்தின் இரக்கத்துக்காக அழுதிருக்கிறேன். இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மணை எடுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்டேன். முறத்தில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள். கோபமோ அழுகையோ இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொல்லிக் குடுத்துட்டுப் போய்ட்டே. அப்புறம் வந்து தப்புன்னுட்டுப் போய்ட்டே" என்றாள். "நான் இங்கியேதான கீறேன்."

நான் கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து கடலை உடைத்தேன். பிறகு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் படப்பைக்கு வந்துவிட்டேன்.